சுற்றுச்சூழல் அறிவியலில் பட்டப்படிப்பு: மதுரைப் பக்கத்துப் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று சாயங்காலமே எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். நான் மேலூர்ப் பக்கத்து ஊர்க்காரி. வேதியியலில் பி.எஸ்சி., அப்புறம் சுற்றுச்சூழல் அறிவியலில் எம்.எஸ்சி. முடித்தேன். இப்போது மதுரையில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஊரில் இந்தப் படிப்புப் படித்த ஆள் நான் ஒருத்திதான். அதனால் அண்ணன் பிள்ளையிலிருந்து டீக்கடைக்காரர் மகன் வரை எல்லோரும் என்னிடம்தான் கேட்கிறார்கள். போனில் பாதி சொன்னால் பாதி விட்டுப்போகிறது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே வைத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, எல்லாக் காலேஜிலயும் சுற்றுச்சூழல்னு ஒரு பேப்பர் இருக்காமே, அதுவும் இதுவும் ஒண்ணுதானா?

இல்லை. அந்தத் தாள் எல்லோருக்கும் பொது. பி.காம். படிப்பவரும் எழுதுவார், தமிழ் இலக்கியம் படிப்பவரும் எழுதுவார். வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம் கல்வி நிலையங்களில் சுற்றுச்சூழலைக் கட்டாயமாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றது. அதைத் தொடர்ந்து 2003–04 வாக்கில் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) ஆறு மாதப் பாடத்திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் பல இடங்களில் அது பரீட்சைக்கு முந்தைய ராத்திரி படிக்கும் தாளாகச் சுருங்கிவிட்டது.

அந்தத் தாள் "வைகை மாசுபட்டிருக்கிறது" என்று சொல்லி முடித்துவிடும். பட்டப்படிப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. எவ்வளவு மாசு, எந்த இடத்தில் கலக்கிறது, போன வருடத்தைவிடக் கூடியிருக்கிறதா, அதை எப்படித் தெரிந்துகொண்டாய் என்று கேட்டுக்கொண்டே போகும்.

மரம் நடுறதுக்கும் குப்பை பொறுக்குறதுக்கும் டிகிரி எதுக்கும்மா?

எங்கள் பெரியப்பாவே என்னிடம் கேட்ட கேள்வி இது. அவருக்குச் சொன்ன பதிலையே சொல்கிறேன். நம்மூர்க் கண்மாய்களில் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலமும் மரம்தான். விறகுக்கு ஆகும், வறட்சியைத் தாங்கும் என்று நல்ல எண்ணத்தில் கொண்டுவரப்பட்ட மரம். இன்று கண்மாய்க்குள் இறங்க முடியவில்லை. 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை வெட்டச் சொல்லி உத்தரவு போட்ட பிறகு ஊர் ஊராக ஜே.சி.பி. வந்தது. வெட்டிப் போட்ட பல இடங்களில் அடுத்த மழைக்கே மறுபடி தழைத்துவிட்டது. தூரோடு எடுக்க வேண்டும், மண்ணில் கிடக்கும் விதையை என்ன செய்வது என்று யோசிக்க வேண்டும், அந்த இடத்தில் அடுத்து என்ன வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அதை விறகாகவும் கரியாகவும் விற்றுப் பிழைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன, அவர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரு மரத்தைச் சுற்றி இத்தனை கேள்வி இருக்கிறது. படிக்காமல் நல்ல மனசை மட்டும் வைத்துக்கொண்டு இறங்கினால் இப்படித்தான் ஆகும்.

மூணு வருஷத்துல என்னதான் படிக்கணும்?

எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். வேதியியல், தாவரவியல், விலங்கியல், நுண்ணுயிரியல், புவியமைப்பியல், வானிலை என்று பல துறைகளிலிருந்து பாடம் வரும். உயிர்களும் அவை வாழும் இடமும் ஒன்றோடொன்று எப்படிப் பிணைந்திருக்கின்றன என்று சொல்லும் சூழலியல்தான் நடுத்தூண். இரண்டாம் வருடத்திலிருந்து நீர், காற்று, மண் பரிசோதனை, திடக்கழிவு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு வரும். கடைசி வருடத்தில் சட்டங்களும், ஒரு திட்டம் வந்தால் சுற்றுச்சூழலுக்கு என்ன ஆகும் என்று முன்கூட்டியே கணிக்கும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடும் வரும். தண்ணீர்ச் சட்டம் 1974, காற்றுச் சட்டம் 1981, சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986, தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை 2006 — இந்த வருடங்கள் உங்களுக்கு மனப்பாடமாகிவிடும். கல்லூரிக்குக் கல்லூரி வரிசை மாறும்.

இரண்டு பாடங்களைப் பிள்ளைகள் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். ஒன்று புள்ளியியல், இன்னொன்று ஜி.ஐ.எஸ். என்கிற வரைபடக் கணினிப் பாடம். வேலைக்குப் போகும்போது கைகொடுப்பவை இவை இரண்டும்தான். க்யூ.ஜி.ஐ.எஸ். என்ற மென்பொருள் இலவசம். முதல் வருடமே இறக்கிவைத்து உங்கள் ஊர்க் கண்மாயின் எல்லையை வரைந்து பழகுங்கள்.

லேபில் என்ன செய்வீங்க? வெறும் தண்ணியைத்தானே பார்க்குறீங்க?

இதற்கு மட்டும் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல விடுங்கள். எனக்கு இந்தத் துறை பிடித்துப்போனதே ஒரு பாட்டிலைப் பார்த்துத்தான்.

தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளக்க விங்க்ளர் முறை என்று ஒன்று இருக்கிறது. நூறு வருடத்துக்கு மேல் பழைய முறை, இன்றும் எல்லா மாணவரும் செய்கிறார்கள். 300 மில்லி பிடிக்கும் கண்ணாடி பாட்டில், தேய்த்த கண்ணாடி மூடி. பாட்டிலைத் தண்ணீருக்குள் முழுக்க அமிழ்த்தி, ஒரு குமிழிகூட உள்ளே தங்காமல் நிரப்பி மூட வேண்டும். அந்தக் குமிழியில் இருக்கும் காற்றிலும் ஆக்சிஜன் உண்டு, அது கணக்கைக் கெடுத்துவிடும். அப்புறம் கரையிலேயே உட்கார்ந்து பிப்பெட்டால் மாங்கனீஸ் சல்பேட், அடுத்து காரம் கலந்த அயோடைடு கரைசல். மூடியைப் போட்டு நாலைந்து முறை தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும்.

அப்போது உள்ளே பஞ்சு பஞ்சாக ஒன்று திரளும். தண்ணீரில் ஆக்சிஜன் நன்றாக இருந்தால் அது காபித்தூள் பழுப்பாக இருக்கும். ஆக்சிஜன் இல்லையென்றால் வெள்ளையாகவே நிற்கும். மீதி வேலை ஆய்வகத்தில். அமிலம் விட்டால் அந்தத் திரள் கரைந்து பொன்னிறமாகும். தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, வெளிறிய வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் ஸ்டார்ச் சேர்த்தால் நீலமாகும். அந்த நீலம் மறையும் சொட்டில் பியூரெட்டை நிறுத்த வேண்டும். லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று ஒரு எண் கிடைக்கும். மீனும் காட்டுயிரும் வாழும் தண்ணீருக்கு அது 4-க்குக் குறையக் கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்திருக்கிறது.

நான் கல்லூரியில் படிக்கும்போது கிருதுமால் நதிக்குக் கூட்டிப்போனார்கள். ஒரு காலத்தில் வைகையோடு சேர்த்து மதுரைக்கு மாலை போட்ட மாதிரி ஓடிய ஆறு என்பார்கள். நகருக்குள் அது இன்று சாக்கடை. மூடியைப் போட்டுக் கவிழ்த்தேன். வெள்ளை. இன்னொரு முறை எடுத்தேன், மறுபடியும் வெள்ளை. நாற்றத்தை வைத்து எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் அந்த வெள்ளையைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அன்றைக்குத்தான் இந்த வேலையை விடக் கூடாது என்று முடிவு செய்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கண்மாயில் விடியற்காலையில் மீன் செத்து மிதந்தால் "யாரோ மருந்து ஊற்றிட்டாங்க" என்றுதான் ஊரில் முதல் பேச்சு வரும். சில நேரம் அது உண்மை. பல நேரம் காரணம் வேறு. சாக்கடை சேர்ந்த தண்ணீரில் பச்சைப்பாசி பெருகும். பகலில் வெயில் இருக்கும்வரை பாசி ஆக்சிஜனை விடும், ராத்திரியில் அதுவும் மற்ற உயிர்களோடு சேர்ந்து ஆக்சிஜனை எடுக்கும். விடியும்போது தண்ணீரில் மூச்சுவிட ஒன்றும் மிஞ்சாது. மத்தியானம் வந்து சோதிக்கும் ஆள் "ஆக்சிஜன் நன்றாகத்தானே இருக்கிறது" என்று எழுதிவிட்டுப் போவார். எத்தனை மணிக்கு எடுத்தோம் என்பதும் பரிசோதனையில் சேர்த்திதான் என்பதை இந்தப் படிப்பு கற்றுக்கொடுக்கும்.

பிளஸ் டூவில் எந்த குரூப் எடுத்திருக்கணும்? கணக்கு வேணுமா?

வேதியியல் இருக்கும் அறிவியல் குரூப்பாக இருந்தால் வழி நிறைய. கணக்கு இல்லாத பியூர் சயின்ஸ் பிள்ளைகளும் பி.எஸ்சி. சேரலாம். சுற்றுச்சூழல் பொறியியலில் பி.டெக். வேண்டும் என்றால் கணக்கும் இயற்பியலும் வேண்டும், பொறியியல் கலந்தாய்வு வழியாகப் போக வேண்டும். நீட் தேவையில்லை. காமர்ஸ் எடுத்தவர்கள் புவியியல், சமூகப்பணி வழியாக இந்தத் துறைக்குள் வர முடியும். சுற்றுவழிதான், ஆனால் வந்தவர்கள் இருக்கிறார்கள்.

மதுரையிலேயே படிக்க முடியுமா?

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். "பி.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல்" என்ற பெயரிலேயே இளநிலைப் பட்டம் தரும் கல்லூரிகள் தமிழ்நாட்டில் குறைவு. முதுநிலையில்தான் இந்தப் பெயர் பரவலாக இருக்கிறது. அதனால் நம் பக்கத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர் வருவது பக்கத்து வாசல் வழியாகத்தான். வேதியியல், தாவரவியல், விலங்கியல், புவியியல் இதில் ஒன்றில் பி.எஸ்சி. முடித்துவிட்டு எம்.எஸ்சி.யில் சுற்றுச்சூழலுக்கு மாறுவார்கள். நானும் அப்படித்தான். இந்தப் பாடங்களை மதுரையில் பழைய கல்லூரிகள் பலவும் நடத்துகின்றன. 1881-ல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி, பெண்களுக்கு லேடி டோக், பாத்திமா, மீனாட்சி அரசு மகளிர் கலைக் கல்லூரி, தெப்பக்குளம் பக்கம் தியாகராசர் கல்லூரி என்று இருக்கின்றன. முதுநிலைக்கு நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டி காமராசர் பல்கலைக்கழகத்தில் எரிசக்தி, சுற்றுச்சூழல், இயற்கை வளங்களுக்கென்றே ஒரு புலம் இருக்கிறது.

விவசாயத்தின் வழியாக வர நினைத்தால் ஒத்தக்கடையில் யானைமலை அடிவாரத்தில் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. காடுதான் வேண்டும் என்கிற பிள்ளைக்கு மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியின் வனவியல் பட்டம். அரசு கலைக் கல்லூரிகளுக்கு எல்லாம் சேர்த்து ஒரே ஆன்லைன் விண்ணப்பம்தான், ரிசல்ட் வரும் நேரத்தை ஒட்டியே தேதி ஓடும். அந்தத் தேதியைத் தவறவிட்டு அழுதுகொண்டு போன் செய்யும் பிள்ளைகள் வருடம் தவறாமல் இருக்கிறார்கள், அதனால்தான் சொல்கிறேன்.

பட்டத்தில் என்ன பேர் இருந்தா என்ன? படிப்பு ஒண்ணுதானே?

ஒன்று இல்லை தம்பி. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள்.

யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்திய வனப் பணித் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். காட்டைக் காக்கும் வேலை, சுற்றுச்சூழல் படித்தவருக்குத்தான் முதல் இடம் என்று தோன்றும். ஆனால் அந்தத் தேர்வுக்கு கால்நடை அறிவியல், தாவரவியல், வேதியியல், புவியமைப்பியல், கணிதம், இயற்பியல், புள்ளியியல், விலங்கியல் இவற்றில் ஒன்றாவது பட்டத்தில் பாடமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டம் வேண்டும். சுற்றுச்சூழல் அறிவியல் என்ற பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. மூன்று வருடம் முடித்துவிட்டு விண்ணப்பம் நிரப்பும்போது இது தெரிந்தால் எப்படி இருக்கும்?

பள்ளி ஆசிரியர் வேலையும் அப்படித்தான். பள்ளியில் இருக்கும் பாடங்களை வைத்துத்தான் பணியிடம் வரும், வேதியியலுக்கும் தாவரவியலுக்கும் இடம் உண்டு. அரசு வேலை ஆசை இருக்கும் பிள்ளைக்கு என் யோசனை இதுதான்: இளநிலையில் அடிப்படை அறிவியல் ஒன்றில் பட்டம், முதுநிலையில் சுற்றுச்சூழல். ஆராய்ச்சிதான், தனியார் வேலைதான் என்று தெளிவாக இருந்தால் இளநிலையிலேயே சுற்றுச்சூழல் அறிவியலில் தாராளமாகச் சேரலாம். குரூப் 1, குரூப் 2, குரூப் 4 மாதிரியான பொதுத் தேர்வுகளுக்கு இந்தச் சிக்கல் கிடையாது.

அடிப்படை அறிவியல் படித்தால் சுற்றுச்சூழலுக்கு உதவ முடியாது என்று நினைத்துவிடாதீர்கள். திருப்பரங்குன்றத்தில் தியாகராசர் பொறியியல் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்தவர் ஆர். வாசுதேவன். சூடாக்கிய ஜல்லியின் மேல் துண்டு துண்டாக வெட்டிய பிளாஸ்டிக் கழிவைத் தூவினால் அது உருகி மேலே பூச்சாகப் படியும், அப்புறம் தார் கலந்தால் நன்றாகப் பிடித்துக்கொள்ளும் என்று கண்டுபிடித்தவர் அவர். 2002-ல் அந்தக் கல்லூரி வளாகத்திலேயே சாலை போட்டுப் பார்த்தார்கள். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

நான் தமிழ் மீடியம். சமாளிப்பேனாக்கா?

நானும் தமிழ் மீடியம்தான். முதல் ஆறு மாதம் கஷ்டம், பொய் சொல்ல மாட்டேன். புத்தகம், ஆய்வறிக்கை, தர அளவு எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஒரு நோட்டுப் போட்டு ஒவ்வொரு சொல்லுக்கும் நேரே தமிழில் விளக்கம் எழுதிக்கொண்டேன். பி.ஓ.டி. என்றால் தண்ணீரில் இருக்கும் அழுக்கைத் தின்று தீர்க்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்கிற அளவு. வெளிநாட்டுப் புத்தகத்தில் அதை 20 டிகிரியில் ஐந்து நாள் வைத்துப் பார்ப்பார்கள். நம் நாட்டில் 27 டிகிரியில் மூன்று நாள். நம்மூர் வெப்பத்தில் நுண்ணுயிர் வேகமாக வேலை செய்யும் என்று ஒரு வரி எழுதிவைத்தேன், அப்புறம் மறக்கவே இல்லை.

கிராமத்துப் பிள்ளைக்கு இந்தப் படிப்பில் ஒரு பலம் உண்டு. கழுங்கு, மறுகால், மடை, வரத்துக் கால்வாய் என்றால் என்னவென்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என்னோடு படித்த நகரத்துப் பிள்ளைகள் அதைப் படம் பார்த்துத்தான் கற்றார்கள்.

களப்பணின்னு எங்கே கூட்டிட்டுப் போவாங்க?

இதில் மதுரைப் பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள். ஒரு மணி நேர பஸ் தூரத்துக்குள் பாடப்புத்தகம் முழுக்கக் கிடக்கிறது.

வைகையையே எடுத்துக்கொள்ளுங்கள். சோழவந்தான், கோச்சடை, யானைக்கல், விரகனூர் என்று நாலு இடத்தில் ஒரே நாளில் தண்ணீர் எடுத்தால் ஊருக்குள் நுழையும் ஆறும் ஊரைவிட்டு வெளியேறும் ஆறும் என்ன வித்தியாசம் என்று தெரிந்துவிடும். செல்லூர்க் கண்மாயின் உபரி நீரை ஆற்றுக்குக் கொண்டுவர இருக்கும் பந்தல்குடிக் கால்வாய் இன்று எதைக் கொண்டுவருகிறது என்று நீங்களே பார்க்கலாம். சித்திரைத் திருவிழாவில் அழகர் இறங்குவதற்கு வைகை அணையைத் திறந்துவிடுகிறார்கள். அதற்கு முந்தைய வாரமும் பிந்தைய வாரமும் தண்ணீர் எடுத்துப் பார்த்தால் கடைசி வருட பிராஜெக்ட்டுக்கு அதுவே போதும்.

குப்பை படிக்க அவனியாபுரத்தை ஒட்டிய வெள்ளக்கல் கிடங்கு. கழிவுநீர் படிக்க அவனியாபுரம், சக்கிமங்கலம் சுத்திகரிப்பு நிலையங்கள். காடு படிக்க அழகர்மலை, சிறுமலை. நத்தம் பக்கத்தில் காசம்பட்டி வீர கோவில் காடு இருக்கிறது. ஐந்து ஹெக்டேர்கூட வராது. சாமி காடு என்பதற்காக ஊர்க்காரர்கள் விட்டுவைத்ததுதான் அதைக் காப்பாற்றியது. 2025-ல் தமிழ்நாட்டின் இரண்டாவது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக, அதாவது உயிரின வளத்துக்காகக் காக்க வேண்டிய இடமாக, அறிவிக்கப்பட்டது.

ஊர்ப் பெயரையே பாடமாகப் படிக்கலாம். உயர் நீதிமன்றக் கிளை இருக்கும் இடத்தின் பெயர் உலகனேரி, பெயரிலேயே ஏரி இருக்கிறது. மாட்டுத்தாவணிப் பக்கம் மழை பெய்தால் ஏன் தண்ணீர் நிற்கிறது என்பதற்குப் பாதிப் பதில் இந்த மாதிரிப் பெயர்களில் இருக்கிறது.

அரிட்டாபட்டி போராட்டத்தைப் பார்த்துத்தான் எனக்கு ஆசை வந்துச்சு. இது போராட்டத்துக்கான படிப்பா?

இந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளையைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. எங்கள் பக்கத்து ஊர் அது. விவரம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் சுமார் 193 ஹெக்டேர் நிலம் 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. சுமார் 250 பறவை இனங்கள், லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, போனெல்லி கழுகு, தேவாங்கு, அழுங்கு, மலைப்பாம்பு, அப்புறம் குன்றுகளும் சுனைகளும் கண்மாய்களும். 2024 நவம்பரில் அந்த இடத்தையும் சேர்த்து நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்ததாகச் செய்தி வந்தது. ஊர் ஊராகக் கிராம சபைத் தீர்மானம் போட்டார்கள், டிசம்பரில் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது, ஜனவரியில் ஆயிரக்கணக்கான விவசாயிகள் மதுரையை நோக்கி நடந்தார்கள். 2025 ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

மக்கள் இறங்கியதால்தான் அது நடந்தது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவர்கள் கையில் ஒரு பட்டியல் இருந்தது என்பதையும் பாருங்கள். அந்தக் குன்றுகளில் விடிகாலையில் தொலைநோக்கியோடு ஏறி, எந்தப் பறவை, எந்தத் தேதி, எந்தப் பாறையில் கூடு என்று வருடக்கணக்காக எழுதிவைத்த ஆட்கள் இருந்தார்கள். அந்தப் பட்டியல் இருந்ததால்தான் 2022-ல் அறிவிப்பு வந்தது, அந்த அறிவிப்பு இருந்ததால் 2024-ல் ஊர் பிடித்துக்கொள்ள ஒரு பிடி கிடைத்தது. இந்தப் படிப்பு அந்த எழுதிவைக்கும் வேலைக்கானது. போராட்டத்துக்குப் போவதும் போகாததும் உங்கள் விருப்பம்.

பொம்பளப் புள்ளையை ஆறு, குளம், மலைன்னு அனுப்புறது சரியா வருமாம்மா?

அப்பாக்கள் கேட்கும் கேள்வி. ஐயா, களப்பணிக்குத் தனியாக யாரும் போவதில்லை, குழுவாகத்தான் போவோம், ஆசிரியர் கூட வருவார். என் அப்பாவும் முதல் தடவை சிறுமலைக்கு அனுப்பும்போது பஸ் ஸ்டாண்டு வரை வந்து நின்றார். சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது. நாள் முழுக்கக் கழிப்பறை இல்லாத இடங்களில் வேலை, மாதவிடாய் நாளில் வெயிலில் நடை. இதைப் பற்றிக் கல்லூரியில் வெளிப்படையாகப் பேசுங்கள், பயணத்திட்டத்தில் கழிப்பறைக்கு நிறுத்தம் கேளுங்கள். நாங்கள் கேட்ட பிறகுதான் எங்கள் துறையில் அதைச் செய்தார்கள்.

வேலை கிடைக்குமா? சம்பளம் எப்படி?

முதல் சம்பளம் குறைவு. ஐ.டி.க்குப் போன உங்கள் மாமா மகனோடு ஒப்பிட்டால் மனசு சோர்ந்துவிடும். மூன்று நாலு வருடம் கை பழகிய பிறகுதான் ஏறும். இளநிலையோடு நிறுத்தினால் ஆய்வக உதவியாளர், மாதிரி எடுப்பவர் என்ற மட்டத்திலேயே இருந்துவிடும் ஆபத்து உண்டு. முதுநிலை வரை படிக்க வீட்டில் இடம் இருக்கிறதா என்பதை இப்போதே பேசிவிடுங்கள்.

இடங்கள் எவை என்றால், அங்கீகாரம் பெற்ற தண்ணீர், உணவு, மண் ஆய்வகங்கள் இருக்கின்றன. தொழிற்சாலைகளின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன: திண்டுக்கல் தோல் பதனிடும் ஆலைகள், திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் எல்லாம் இதற்குள் வரும். மாசு உண்டாக்கும் தொழில் எதுவானாலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை வேண்டும், அதற்கு அளவீடும் அறிக்கையும் தயார் செய்யும் ஆலோசனை நிறுவனங்கள் இருக்கின்றன. வாரியத்திலேயே பணியிடங்கள் உண்டு, எப்போதாவதுதான் அறிவிப்பு வரும். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை மாதிரி கண்மாய்ச் சீரமைப்பில் இருக்கும் தொண்டு நிறுவனங்களும் உண்டு.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நான் முதலில் சேர்ந்தது ஓர் ஆலோசனை நிறுவனம். வறண்ட முள்காட்டுக் கிராமம் ஒன்றுக்குத் தாக்க அறிக்கை தயாராகிக்கொண்டிருந்தது. அதன் தாவரப் பட்டியலில் மழைக்காட்டு மரங்களின் பெயர் இருந்தது. வேறொரு மாவட்டத்து அறிக்கையிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியிருந்தார்கள், அந்த ஊருக்கு ஒருவரும் போகவில்லை. நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன், நேரமில்லை என்றார்கள். நாலாவது மாதம் வெளியே வந்துவிட்டேன். அடுத்த வேலை கிடைக்க ஏழு மாதம் ஆனது. வீட்டில் கேள்விமேல் கேள்வி. அந்த நாட்கள் சுலபமாக இல்லை. ஆனால் என் கையெழுத்துப் போட்ட எந்த எண்ணையும் இன்றுவரை நான் எங்கேயும் நின்று சொல்ல முடியும். ஒழுங்காக வேலை செய்யும் நிறுவனங்களும் இருக்கின்றன. சேரும் முன் அவர்கள் களத்துக்கு எத்தனை நாள் ஆள் அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள்.

அதுக்கு மேல என்ன படிக்கலாம்?

எம்.எஸ்சி.க்குப் பிறகு, கல்லூரி ஆசிரியர் வேலைக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் எழுதும் யு.ஜி.சி. நெட் தேர்வில் சுற்றுச்சூழல் அறிவியல் தனிப் பாடமாகவே இருக்கிறது. பொறியியல் முதுநிலைப் படிப்புக்கு எழுதும் கேட் தேர்விலும் 2021 முதல் சுற்றுச்சூழல் அறிவியலும் பொறியியலும் சேர்ந்த தாள் ஒன்று உண்டு. விலங்குகள்மேல் ஆசை என்றால் ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலும் மயிலாடுதுறைப் பக்கம் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் வனவிலங்கு உயிரியல் படிக்கலாம். பறவை ஆராய்ச்சிக்குக் கோவை ஆனைகட்டியில் சலீம் அலி மையம்.

செலவுக்கு உதவி உண்டா?

ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டம், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம். மாதம் 1,000 ரூபாய். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. கல்லூரியிலேயே விண்ணப்பிக்கலாம். இதுபோக சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழை வைத்து வரும் உதவித்தொகைகளும் உண்டு. சான்றிதழை ரிசல்ட்டுக்கு முன்பே வாங்கி வைத்துவிடுங்கள்.

காலேஜ் திறக்க இன்னும் ரெண்டு மாசம் இருக்கே, இப்பவே என்ன செய்யலாம்?

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். உங்கள் ஊர்க் கண்மாயைத் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் ஊருணி, கிணறு எதுவானாலும் சரி. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரே நேரத்துக்குப் போங்கள். தேதி, நேரம், வெயிலா மேகமா என்று முதல் வரி. படிக்கட்டுக் கிணறாக இருந்தால் தண்ணீர் எத்தனையாவது படியில் இருக்கிறது என்று எண்ணுங்கள். படி இல்லாவிட்டால் கயிற்றில் கல் கட்டி இறக்கி, நனையாத கயிறு எத்தனை முழம் என்று அளங்கள். கண்மாயில் எத்தனை கொக்கு, எத்தனை நீர்க்காகம், தண்ணீர் என்ன நிறம், வரத்துக் கால்வாய் எங்கே அடைத்திருக்கிறது. பெயர் தெரியாத பறவையை "மஞ்சள் மூக்கு, கால் நீளம்" என்று எழுதினாலும் போதும். கண்மாயைப் பற்றி ஊரில் வயதான ஒருவரிடம் கேட்டு, கடைசியாக நிறைந்து மறுகால் போனது எந்த வருடம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் ஒரு பெண் இப்படி ஒன்பது வாரம் எழுதிக்கொண்டு வந்தாள். கிணற்றில் தண்ணீர் பதினொன்றாவது படியிலிருந்து பத்தொன்பதாவது படிக்கு இறங்கியிருந்தது. ஒரே ஒரு வாரம் மட்டும் இரண்டு படி ஏறியிருந்தது. ஏன் என்று கேட்டேன். அந்த வாரம் மேலக் கண்மாய்க்குத் தண்ணீர் வந்தது என்றாள், தேதியோடு. இரண்டுக்கும் நடுவில் எத்தனை நாள் என்றும் எண்ணி வைத்திருந்தாள்.

போன் செய்யும்போது அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நான் முதலில் கேட்கப்போவது அதில் என்ன எழுதியிருக்கிறது என்றுதான்.